தாய்மாமன் ஊருக்கு ஆடிய ஞாயிறு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். கண்ணாடி மேல் கவிழ்க்கிற தாளை எல்லாம் படித்துவிடுவாள். எனக்கு அது பதினொரு வருஷப் பழக்கம். பட்டா, வாரிசுச் சான்று, ஜீவனாம்ச மனு, பென்ஷன் புத்தகம் என்று சுற்றியிருக்கிற ஆபீஸ்களுக்குப் போகிற காகிதமெல்லாம் முதலில் என் கை வழியாகத்தான் போகும். யார் வீட்டுக் கவலையானாலும் ஒரு நிமிஷம் என் கவலையாக இருந்துவிட்டுத்தான் அவர்களிடம் திரும்பிப் போகும்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கழுத்தில் விசில் தொங்க ஒருவர் வந்தார். ஏதோ ஒரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியர்.

"முப்பது காப்பி போடும்மா, அர்ஜென்ட்டு."

மாவட்ட அளவில் நடக்கிற பள்ளிக் கபடிப் போட்டியின் விதிமுறைகள். பெண்கள் ஆட்டம் அந்த வாரமே வெள்ளிக்கிழமை, எங்கள் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், மஞ்சக்குப்பம் மைதானத்தில். என் மகளும் அதில் ஆடப் போகிறாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளி அணியில் இடது கார்னர். பாடி வருகிற பெண்ணின் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாள். அதனால் ஆசையாகத்தான் படித்தேன். ஏழாவது விதிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

போட்டிக் காலம் தொடங்கியபின் பள்ளி அணியில் உள்ள எவரும் வெளி அணிக்கு ஆடக் கூடாது; அப்படி ஆடிய ஒருவரைப் பள்ளி மீண்டும் களத்தில் இறக்கினால் அந்தப் பள்ளி அணி முழுவதும் போட்டியிலிருந்து நீக்கப்படும்.

மெஷின் பாட்டுக்கு ஓடியது. சூடாக வந்து விழுகிற ஒவ்வொரு தாளிலும் அதே வரி. அவர் முப்பது கேட்டார். நான் முப்பத்தொன்று எடுத்தேன். அந்த ஒன்றை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அன்று முழுக்க அது குத்திக்கொண்டே இருந்தது.

ஏனென்றால், அதற்கு முந்தின ஞாயிறுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் என் மகள் தன் மாமன் ஊருக்கு ஆடிவிட்டு வந்திருந்தாள்.

நான் பிறந்தது சிதம்பரத்துக்கு அந்தப் பக்கம், கீரப்பாளையத்தை ஒட்டின ஓர் ஊரில். என் தம்பி இன்னமும் அங்கேதான் இருக்கிறான். டிராக்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மாரியம்மன் கோயில் செடல் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஆண்கள் கபடி நடத்துகிறவர்கள், இந்த முறை பெண்களுக்கும் சேர்த்து நடத்தலாம் என்று கிளம்பினார்கள். ஊர்ப் பெண்களைச் சேர்த்து அணி கட்டியதே என் தம்பிதான். திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது போன் பண்ணினான்.

"அக்கா, ஒரு ஒதவி. மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"மொதல்ல என்னன்னு சொல்லுடா. நெஞ்சு படபடங்குது."

"ஒனக்கு எப்பதான் படபடங்கல? நம்ம லெஃப்ட் கார்னரு புள்ளைக்குக் கால் சுளுக்கிக்கிச்சு. பாப்பாவ அனுப்பு. ஒரே நாளு. நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

"ஸ்கூல்ல எதாச்சும் சொல்லுவாங்களோ?"

"ஸ்கூலுக்கு என்னக்கா வந்துச்சு? மாமன் ஊருக்கு வர்றா. அவளுக்குக் காது குத்துனப்ப என் மடியிலதான ஒக்காந்தா? ஸ்கூல்ல கேட்டுக்கிட்டா ஒக்கார வச்சோம்?"

இதற்கு மேல் எங்கள் பக்கத்தில் யாரும் பேச முடியாது. தாய்மாமன் கேட்டு இல்லை என்று சொன்னால், நாளைக்குப் பெண்ணுக்கு ஒரு நல்லது நடக்கும்போது முன்னால் நின்று சீர் வைக்க வேண்டியவனை இன்றைக்கே மூஞ்சியில் அடித்த மாதிரி. அவள் எங்கே பிறந்து எங்கே வளர்ந்தாலும் பாதி மாமன் ஊர்ப் பெண்தான். அந்த ஊர் அணி அவளுக்கு வெளி அணி என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கும் தோன்றவில்லை. எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற எனக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் கவலை வராமல் போனது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

குடும்பத்தோடு போனோம். நெல்வயலை ஒட்டின தரிசில் மண்ணைக் கிளறித் தண்ணீர் தெளித்துப் பதமாக்கியிருந்தார்கள். என் மகள் முதல் பிடியைப் பிடித்ததும் மைக்கில் இருந்தவர் கத்தினார்: "புடிச்சது யாரு? நம்ம ஊரு பொண்ணு பெத்த பொண்ணு! கடலூர்ல பொறந்தாலும் கை நம்ம ஊரு கைய்யி!" கோப்பையை ஜெயித்தார்கள். ஏழு பெண்களும் கோப்பையும் நடுவில் என் தம்பியும் நிற்கிற படத்தை அவனும் ஸ்டேட்டஸ் வைத்தான், நானும் வைத்தேன். ஜெராக்ஸ் கடைக்கு வருகிற பாதிப் பேரிடம் என் நம்பர் இருக்கிறது.

இந்தச் செவ்வாய்க்கிழமைக்குள் அந்த ஸ்டேட்டஸ் எப்போதோ மறைந்துபோயிருந்தது. ஆனாலும் போனைத் திறந்து திறந்து பார்த்தேன். அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. ஆனி மாதக் கடைசியில் மகள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து கடையிலேயே என் கையெழுத்தை வாங்கிப் போனாள். பள்ளி அணியில் சேர்வதற்கான பெற்றோர் சம்மதம். கூட்டம் நெரிசலாக இருந்தது. ஊரார் காகிதத்தை எல்லாம் வரி விடாமல் படிக்கிறவள், என் பெண்ணின் காகிதத்தை மெஷின் மூடி மேல் வைத்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதிலும் இந்த விதி இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போய் மகளிடம் தாளைக் காட்டினேன். படித்தாள். முகம் மாறியது.

"அது மாமா ஊருதானம்மா. அது எப்படி வெளி டீமு?"

"பேரு எழுதுன டீமா இல்லையா? சட்டையில நம்பர் இருந்துச்சா இல்லையா?"

அவளுடைய அப்பா குளித்துவிட்டு வந்தார். குடிகாட்டுப் பக்கத்தில் இருக்கிற கெமிக்கல் கம்பெனிகளில் ஒன்றில் ஷிப்ட் வேலை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத ஒரு வாடை. எப்போதும் நிதானமாக இருக்கிற மனிதர்.

"யாரு பாக்கப் போறா? நீ ஒருத்திதான் அத முப்பது தடவ படிச்சிருக்க. மத்தவன் எவனும் ஒரு தடவகூடப் படிச்சிருக்க மாட்டான்."

"தெரிஞ்சிடுச்சுன்னா?"

"தெரியுறப்ப பாத்துக்கலாம். வெள்ளிக்கிழம வரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு."

மகளும் அதையேதான் சொன்னாள், அழுதுகொண்டே. "ஆறாங் கிளாஸ்ல இருந்து இதுக்குத்தாம்மா ஆடுறேன். வெள்ளிக்கிழம முடியட்டும். அப்பறம் நீ யாருகிட்ட வேணா சொல்லு."

என் கவலைகளைப் பற்றி எனக்கே மரியாதை கிடையாது. கேஸை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறவள் நான். பள்ளிக்கூடத்தை விட்டதும் பயத்தால்தான். ஒன்பதாவதில் டைபாய்டு வந்து பரீட்சை எழுதவில்லை. மறுபடி அதே வகுப்பில், என்னைவிடச் சின்னப் பெண்களோடு உட்கார வேண்டும். யாரும் என்னை நிறுத்தவில்லை. அம்மாவும் அப்பாவும் போ போ என்றுதான் சொன்னார்கள். கேட் வரைக்கும் போவேன், வயிற்றைக் கலக்கும், திரும்பிவிடுவேன். அப்படியே நின்று போனது. அதனால், இதுவும் அந்த மாதிரி ஒரு வயிற்றுக் கலக்கம்தானோ, இதைக் கேட்டு என் மகளின் ஆட்டத்தைக் கெடுக்கப் போகிறேனோ என்று எனக்கே சந்தேகம்.

ஆனால் ஒன்று இருந்தது. அணியில் பன்னிரண்டு பெண்கள். பன்னிரண்டு பேருடைய பிறப்புச் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் நான்தான் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். எல்லார் பிறந்த தேதியும் தெரியும். யாருடைய ஆதாரில் அப்பா பெயருக்குப் பதிலாக அம்மா பெயர் இருக்கிறது என்பதும் தெரியும். கேப்டன் பெண் குடிகாட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் பயிற்சிக்கு வருகிறவள். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம் கிடைத்தால்தான் மேலே படிப்பு என்று கடையில் நின்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். என் மகள் வெள்ளிக்கிழமை களத்தில் இறங்கி, அதன்பிறகு யாராவது ஒருவர் அந்தப் படத்தை எடுத்து நீட்டினால், பன்னிரண்டு பேரும் வெளியே. இறங்காமல் இருந்தால் ஒருத்தி மட்டும் வெளியே. எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பள்ளி கேட்டுக்குப் போனேன். வயிற்றைக் கலக்கியது. உள்ளே போனேன்.

பி.டி. மிஸ் குனிந்து கபடிக் கோட்டுக்குச் சுண்ணாம்புத்தூள் போட்டுக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். கடைக்கு வரும்போது அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் வாயைத் திறந்தவுடன் எல்லாம் தலைகீழாக வந்தது: தம்பி, டிராக்டர், காது குத்து, சுளுக்கு, ஜெராக்ஸ்.

"அக்கா, ஒரு நிமிஷம். யாருக்குக் காது குத்தறீங்க?"

"யாருக்கும் இல்ல மிஸ். என் பொண்ணு வெளி டீமுக்கு ஆடிட்டா."

கையிலிருந்த சுண்ணாம்பு டப்பாவைக் கீழே வைத்தார். எப்போது, எங்கே, எந்தக் கிழமை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த ஞாயிற்றுக்கு முன்னாலேயே வட்டார ஆட்டங்களை ஜெயித்து முடித்திருந்தார்கள். அதன்பிறகு பள்ளிக்காக அவள் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. மிஸ் மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

"அப்ப ஜெயிச்சதுக்கு ஒண்ணும் ஆவாது. வெள்ளிக்கிழம அவள எறக்கக் கூடாது, அவ்ளோதான். நான் இன்னிக்கே எழுதிக் குடுத்துப் பேர எடுத்துடறேன்."

"மிஸ், அவளா போவல. நாந்தான் அனுப்புனேன். எனக்கு எதாச்சும் தண்டன குடுத்து…"

"ஒங்களுக்கு என்னக்கா தண்டன குடுக்க? கிரவுண்ட ரெண்டு ரவுண்டு ஓடுறீங்களா?"

சிரித்துவிட்டு, உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் இடது கார்னர் போய்விட்டதே. கிளம்பும்போது சொன்னார்: "நாளன்னைக்கு வந்து சொல்லியிருந்தீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுக்கா." திட்டு மாதிரிதான் சொன்னார். எனக்கு அது யாரோ தோளில் துண்டு போர்த்தின மாதிரி இருந்தது.

மகள் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டாள். அவளுடைய அப்பாவிடம், "அம்மாகிட்ட சொல்லுங்க, யூனிஃபார்ம் காயல" என்று நான் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லி அனுப்பினாள். அவரும் திரும்பி, "யூனிஃபார்ம் காயலயாம்" என்றார்.

என் தம்பிக்கு விஷயம் போனதும் வியாழக்கிழமை காலையிலேயே சிதம்பரம் வந்து பஸ் ஏறி, கிரீஸ் சட்டையோடு கடை வாசலில் வந்து நின்றான். கையில் ஊர் இளைஞர் மன்றத்தின் லெட்டர்பேடில் ஒரு கடிதம். கீழே மன்றத்து முத்திரை, அதற்கும் கீழே எட்டுப் பேர் கையெழுத்து.

"இத அந்த மிஸ்கிட்ட குடுத்தா எல்லாம் சரியாப் பூடும்க்கா. பக்காவா எழுதியிருக்கேன்."

வாங்கிப் படித்தேன். மேற்படி மாணவி எங்களுக்கு வெளியாள் அல்ல, எங்கள் ஊர் மகள் வயிற்றுப் பிள்ளை, பிறந்த நாள் முதலாகவே எங்கள் ஊர் அணிக்கு உரியவள், இனி வருகிற எல்லாத் திருவிழாக்களிலும் அவளே எங்கள் இடது கார்னர் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறோம்.

"அடப்பாவி. அவ ஒங்க டீமுதான்னு நீயே எழுதி, அதுக்கு சீலும் குத்தியிருக்கியே."

"ஆமா. அப்பதான அவ வெளியாளு இல்லன்னு ஆவும்?"

"ஒனக்கு அவ வெளியாளு இல்லடா. ஸ்கூலுக்கு ஒன் டீமு வெளி டீமு!"

எதிரே டீக்கடையில் நின்ற என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் டீ சட்டையெல்லாம் ஆகிவிட்டது. "மச்சான், நீ வக்கீலுக்குப் படிக்காம போனதே ஜில்லாவுக்கு நல்லது."

தம்பிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "நான் கேக்காம இருந்திருந்தா பாப்பா நாளைக்கு ஆடியிருப்பா இல்லக்கா?" என்றான். அவனைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். மிஸ்ஸிடம் அவன் கைகட்டி நின்று, "தப்பு என்மேலதாங்க, புள்ளையத் திட்டாதீங்க" என்றான். மிஸ் கடிதத்தை இரண்டு தடவை படித்து, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும். அக்கா, ஒரு ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க."

வெள்ளிக்கிழமை கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனேன். மகளைப் பள்ளி வரச்சொல்லியிருந்தது, ஆட இல்லை. தண்ணீர் பாட்டில் கூடையை வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே கலர் சட்டையில் உட்கார்ந்திருந்தாள். அவள் இடத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒல்லிப் பெண் ஒருத்தி. முதல் ஐந்து நிமிஷத்தில் அந்தப் பெண் மூன்று தடவை அவுட். எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது.

அப்போதுதான் என் மகளின் குரல் கேட்டது. "ஏய், இடுப்ப விடுடி! கால பாரு, கால! வந்துட்டுத் திரும்புறப்ப புடி!" மூன்று நாளாக வீட்டில் வராத குரல். ஒல்லிப் பெண் அடுத்த தடவை திரும்புகிற காலைப் பிடித்தாள். மேலே நாலு பேர் விழுந்தார்கள். என் மகள் பாட்டில் கூடையை உதைத்துக்கொண்டு எழுந்து நின்று குதித்தாள். முதல் ஆட்டத்தை ஜெயித்துவிட்டார்கள்.

மறு ஆட்டத்துக்கு முன்னால் தோற்ற அணியின் பக்கமிருந்து ஒரு ஆள் நடுவர்கள் மேஜைக்குப் போனார். கையில் போன். இங்கிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. கோப்பை, ஏழு பெண்கள், நடுவில் என் தம்பியின் பல். எப்படி அவர் கைக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. நான் வைத்த ஸ்டேட்டஸிலிருந்தே போயிருக்கலாம். "இந்தப் பொண்ணு இவுங்க ஸ்கூல்தான சார்? வெளி டீமுக்கு ஆடியிருக்கு. ரூல் படி மொத்த டீமும் அவுட்டு" என்று சத்தமாகச் சொன்னார். கேப்டன் பெண் அப்படியே திரும்பி என் மகளைப் பார்த்தாள்.

பி.டி. மிஸ் அவசரப்படாமல் பைலைத் திறந்தார். முதலில், புதன்கிழமை தேதியிட்டு அவளுடைய பெயரை எடுத்துவிட்டதாகக் கொடுத்த கடிதம். அடுத்து, என் தம்பியின் கடிதம்.

"ஆடினது உண்மை சார். அத அவுங்க வீட்லேருந்தே வந்து சொல்லி, சீல் குத்திக் குடுத்துட்டாங்க. அதுக்கப்பறம் இந்தப் பொண்ண நாங்க எறக்கல. அதோ பாருங்க, தண்ணி குடுத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா."

மேஜையில் இருந்தவர் என் தம்பியின் கடிதத்தை முழுக்கப் படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆட்டத்த ஆரம்பிங்க" என்றார். போன் வைத்திருந்த ஆள் திரும்பிப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வராமல் இருந்திருந்தால், என் பயம் இந்த ஒரு தடவையாவது சரியாக இருந்தது என்று எனக்கே தெரிந்திருக்காது.

மகள் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு சுற்றி நடந்து வந்து என் கையில் கொடுத்தாள். "குடி. மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு" என்றாள். மூன்று நாளுக்கப்புறம் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. குடித்தேன். திரும்ப ஓடிவிட்டாள், அந்த ஒல்லிப் பெண்ணுக்குச் சொல்ல அவளுக்கு ஏதோ மிச்சம் இருந்தது.

கடைசி ஆட்டத்தில் இரண்டு பாயிண்டில் தோற்றோம். என் மகள் ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று அவளுடைய அப்பா இன்றைக்கும் சொல்வார். இருக்கலாம். ஆனாலும் மாவட்டத்தில் இரண்டாவது என்று பதினொரு பெண்களும் சான்றிதழ் வாங்கினார்கள். மறு வாரம் அதை ஜெராக்ஸ் எடுக்கக் கேப்டன் பெண் கடைக்கு வந்தாள். ஹாஸ்டல் விண்ணப்பத்துக்கு. "கறுப்பு ஜாஸ்தியா வராம போடுங்கம்மா, முத்திரை தெளிவாத் தெரியணும்" என்றாள். நாலு தடவை எடுத்து, நன்றாக வந்த ஒன்றைக் கொடுத்தேன்.

பொங்கலுக்குத் தம்பி போன் பண்ணினான். எடுத்த எடுப்பில், "அக்கா, சீசன் முடிஞ்சுபோச்சா? மிஸ்ஸக் கேட்டுட்டுச் சொல்லு" என்றான். கேட்டேன். முடிந்திருந்தது. மகள் போய் மாமன் ஊருக்கு ஆடிவிட்டு, முழங்கை தோல் உரிந்து, சந்தோஷமாக வந்தாள்.

இந்த வருஷம் பிளஸ் டூ. ஆனி மாதம் மறுபடி படிவம் வந்தது. கடையில் அதே நெரிசல். நான் பேனாவை எடுக்கப் போனேன். மகள் பேனாவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல படி."

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர், "ஏம்மா, டிரஷரி மூடிடுவாங்க" என்றார். நான் முதல் வரியிலிருந்து, வாய்விட்டு, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அவள் கையை எடுக்காமல் பக்கத்தில் நின்று கேட்டாள். கடைசி வரி முடிந்ததும்தான் பேனாவைக் கொடுத்தாள்.